வலது பக்க ஓட்டை சேரவில்லை, ட்ரில் போடலாமா?

ஜனவரி 11, இரவு 8.20 – வந்த கேள்வி

"250 சிசி, முழு ஃபேரிங் (வெளிப் பேனல்களால் மூடிய) வண்டி. மெதுவாகத் திரும்பும்போதே வலது பக்கம் சாய்ந்துவிட்டது. பேனல் முழுக்கக் கீறல், போல்ட் மாட்டும் காது ஒன்றும் உடைந்துபோச்சு. ஆஃப்டர்மார்க்கெட் (வண்டி கம்பெனி செய்யாத) ஏபிஎஸ் பிளாஸ்டிக் செட் ஒன்று வாங்கினேன், பெயின்ட் அடித்தே வந்தது. இடது பக்கம் அழகாக உட்கார்ந்துவிட்டது. வலது நடு பேனலில் மேலே இரண்டு போல்ட் ஏறுகிறது. கீழ் ஓட்டை மட்டும் 4 மி.மீ. தள்ளி நிற்கிறது. விற்றவரைக் கேட்டால் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்கிறார். ட்ரில் போட்டுப் பெரிதாக்கிவிடலாமா?"

ஜனவரி 11, இரவு 9.05

போடுங்கள், ஒன்றும் ஆகாது. ஆஃப்டர்மார்க்கெட் பேனல் என்றாலே இப்படித்தான். ஏபிஎஸ் அச்சுக்குள் சூடாகப் போய் ஆறும்போது 0.4 முதல் 0.7 சதவீதம் வரை சுருங்கும். 600 மி.மீ. நீளப் பேனல் என்றால் அது 2.4 முதல் 4.2 மி.மீ. அச்சு வெட்டுபவர்கள் இதைக் கணக்கில் சேர்த்துத்தான் வெட்டுவார்கள். ஆனால் நன்றாக ஆறுவதற்குள் அவசரப்பட்டு அச்சிலிருந்து எடுத்தால் கணக்கு தப்பிவிடும். உங்கள் 4 மி.மீ. அங்கேதான் போயிருக்கும்.

ட்ரில்லைவிட வட்ட அரம் நல்லது. எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் மட்டும் தேய்த்து ஓட்டையை நீள்வட்டமாக்குங்கள். பெரிய நைலான் வாஷர் ஒன்று போட்டால் வெளியே தெரியாது. போல்ட்டில் ஒரு சொட்டு நீல த்ரெட் லாக்கர் விட்டு முடுக்கினால் அதிர்வில் கழலாது. நான் போன வருஷம் என் வண்டிக்கு இப்படித்தான் செய்தேன். இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

ஜனவரி 12, காலை 6.40

அரத்தைக் கீழே வையுங்கள். தேய்க்காதீர்கள்.

படுத்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. சுருக்கம்தான் காரணம் என்றால் இடது பேனலும் சுருங்கியிருக்க வேண்டுமே? இடது அழகாக உட்கார்ந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வண்டி விழுந்தது வலது பக்கம். சேராமல் நிற்பதும் வலது பக்கம்.

மாலை வந்து எழுதுகிறேன். அதற்குள் என் வண்டியையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

ஜனவரி 12, இரவு 10.15

பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

போன வருஷம் நான் அரம் போட்ட ஓட்டையிலிருந்து ஒரு மயிரிழை விரிசல் கிளம்பியிருக்கிறது. வாஷர் மறைத்துக்கொண்டிருந்ததால் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. விரலால் தடவினால் தெரியாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வெள்ளையாக ஒரு கோடு, நகத்தின் நீளம் இருக்கும். அழுத்தம் தாங்காத ஏபிஎஸ் முதலில் வெளுக்கும், அப்புறம்தான் வாய் பிளக்கும். "ஒரு குறையும் இல்லை" என்று நேற்று எழுதியவன் நான்தான்.

அந்தக் கீழ் போல்ட்டைக் கழற்றினேன். கடைசிப் புரி விட்டதும் பேனல் "டப்" என்று ஒரு விரல்கடை வெளியே துள்ளியது. அப்படியென்றால் ஒரு வருஷமாக அந்த ஓட்டை பேனலைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, இழுத்துக் கட்டி வைத்திருந்திருக்கிறது. தானாகப் போய் உட்காராத பேனலைப் போல்ட்டைக் கொண்டு உட்கார வைத்தால், அந்த இழுப்பு ஏதாவது ஒரு முனையில் போய்ச் சேரத்தான் செய்யும்.

அடுத்து ஒரு நூலை எடுத்தேன். ஹேண்டில் தண்டின் நடு நட்டிலிருந்து இடது கண்ணாடி போல்ட் வரை பிடித்து முடிச்சுப் போட்டேன். அதே நூலை வலது பக்கம் பிடித்தால் முடிச்சு 7 மி.மீ. தாண்டி நிற்கிறது. அதாவது வலது பக்கம் பின்னால் தள்ளியிருக்கிறது. முன் ஃபேரிங்கைத் தாங்குகிற ஸ்டேதான் வளைந்திருக்கிறது, பேனல்மேல் குற்றமே இல்லை.

எப்போது வளைந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஓடும்போது நான் ஒருநாளும் விழுந்ததில்லை. ஆனால் இரண்டு வருஷம் முன்பு சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு இறங்கினேன், ஸ்டாண்ட் இறங்கவில்லை. பிடித்து நிமிர்த்தப் பார்த்தேன், வண்டி என்னையும் தாண்டி வலது பக்கமாகச் சாய்ந்தது. கண்ணாடி உடையாததால் தப்பித்தோம் என்று சந்தோஷப்பட்டேன். இந்த மாதிரி வண்டிகளில் கண்ணாடி ஃபேரிங்கை ஊடுருவிப் போய் நேராக ஸ்டேயில்தான் முடுக்கப்பட்டிருக்கும். உடையாத கண்ணாடி அத்தனை அடியையும் ஸ்டேவுக்குக் கடத்தியிருக்கிறது. உடைந்திருந்தால் கண்ணாடியோடு போயிருக்கும்.

ஆகவே: நூலை எடுங்கள், இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

ஜனவரி 14, மதியம் 1.30

ஸ்டேயை நிமிர்த்திவிட்டேன். செய்ததை வரிசையாக எழுதச் சொல்லிக் கேட்டார்கள், ஆனால் நடந்தது வரிசையாக இல்லை.

மூக்குப் பேனல், வைசர், ஹெட்லைட், மீட்டர் எல்லாவற்றையும் இறக்கினேன். என் வண்டியின் ஸ்டே இரும்புக் குழாய். ஒரு நீளப் பைப்பை அதன் காதில் செருகி மெதுவாக நெம்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், அப்போதும் அசையவில்லை. மூன்றாவது தடவை ஒரேயடியாக வந்து, 7 மி.மீ. பின்னால் இருந்தது 4 மி.மீ. முன்னால் போய்விட்டது. திருப்பி நெம்பி, நூலைப் பிடித்து, மறுபடி நெம்பி, கடைசியில் 1 மி.மீ. வித்தியாசத்தில் விட்டேன். அதற்கு மேல் ஆசைப்பட்டால் வெல்டிங் விட்டுப்போகும்.

உங்கள் ஸ்டே வார்ப்பு அலுமினியமாக இருந்தால் இந்தப் பத்தியைப் படித்ததையே மறந்துவிடுங்கள். அது வளைவதற்கு முன்னால் முறியும். ஏற்கனவே வளைந்திருந்தால் உள்ளே விரிசல் ஓடியிருக்கும். மாற்றிவிடுவதுதான் வழி. இரும்பாகவே இருந்தாலும், சேஸியின் கழுத்தில் ஸ்டே முடுக்கியிருக்கும் இடத்தில் பாரம் போகாதபடி, வளைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பிடித்து நெம்புங்கள். கழுத்து மரை போனால் அது பேனல் வேலை இல்லை, வேறு வேலை.

நிமிர்த்திய பிறகு பேனலை வெறுங்கையால் வைத்துப் பார்த்தேன். ஐந்து ஓட்டையும் போல்ட் இல்லாமலே நேராக நின்றன. அரம் போட்ட ஓட்டை மட்டும் இப்போது ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. நான் தேய்த்த 3 மி.மீ. இப்போது யாருக்கும் தேவைப்படவில்லை.

ஜனவரி 14, இரவு 9.20

ஒருவர் கேட்கிறார்: "ஏபிஎஸ் பாடி கிட் என்று போட்டிருக்கிறார்களே, அதை மாட்டினால் பிரேக் வழுக்காதா?"

வழுக்கும், தாராளமாக வழுக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் ஏபிஎஸ் வேறு, பிளாஸ்டிக் ஏபிஎஸ் வேறு. பிளாஸ்டிக் ஏபிஎஸ்ஸின் முழுப்பெயர் அக்ரிலோநைட்ரைல் பியூட்டாடையீன் ஸ்டைரீன். 1963 முதல் லெகோ கட்டைகள் செய்வதும் இதில்தான். கட்டைக்குக் கட்டை பிசகாமல் சொருகிக்கொள்கிறதே, அதுவும் இதே பிளாஸ்டிக்தான். அச்சும் பொறுமையும் இருந்தால் இந்தப் பொருளில் எவ்வளவு துல்லியம் வரும் என்பதற்கு வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. நம் செட்டுக்கு அது கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்திய இன்ஜெக்‌ஷனா, தகட்டைச் சூடாக்கி அச்சில் படிய வைத்ததா, ஃபைபரா? இன்ஜெக்‌ஷன் என்றால் உள்பக்கம் காது, நாக்கு, ஓட்டை எல்லாம் அச்சிலேயே வந்திருக்கும். தகடு என்றால் மூலைகளில் மெலிந்து நிற்கும், ஓட்டை நீங்களே போட வேண்டியிருக்கும். ஃபைபர் என்றால் உள்ளே கண்ணாடி இழை சொரசொரவென்று தெரியும். அதில் அரம் போடும்போது தண்ணீர் தெளித்து, நல்ல முகமூடி போட்டு, முழுக்கைச் சட்டையோடு செய்யுங்கள். அந்தத் தூசி தோலில் ஏறினால் இரண்டு நாள் தூக்கம் கிடையாது. அது எனக்கு நேர்ந்த கதை, இங்கே வேண்டாம்.

ஜனவரி 15, காலை 7.10

விரிசலை என்ன செய்தேன் என்று கேட்டவருக்கு.

விரிசல் முடியும் இடத்தில் 2 மி.மீ. ஓட்டை ஒன்று. கோட்டின் கூர்மையான முனை வட்டமாகிவிட்டால் மேற்கொண்டு ஓடாது. அப்புறம் உள்பக்கமிருந்து விரிசலை வி வடிவத்தில் கீறிவிட்டேன். பழைய உடைந்த பேனலிலிருந்து தெரியாத இடத்தில் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒரு கண்ணாடிப் புட்டியில் அசிட்டோனில் போட்டு ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் பார்த்தால் கெட்டித் தேன் மாதிரி ஒரு குழம்பு. அதைத்தான் பூசினேன். அசிட்டோன் பறந்துபோய் ஏபிஎஸ் மட்டும் தங்கிவிடும். மெல்லியதாக மூன்று தடவை, ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஒரு நாள். ஒரே தடவையில் அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நின்று, பின்னால் சுருங்கிப் பள்ளம் விழும். அகலமாகிப்போன ஓட்டையையும் இதே குழம்பால் நிரப்பினேன். நன்றாக இறுகிய பிறகு சரியான இடத்தில் புதிதாகத் துளைப்பேன்.

முக்கியம்: பேனலின் பின்பக்கம் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஏபிஎஸ் என்றிருந்தால்தான் இது நடக்கும். பிபி என்றிருந்தால் பாலிப்ரொப்பிலீன். அசிட்டோன் அதை ஒன்றும் செய்யாது, சாதாரணப் பசையும் பெயின்ட்டும்கூட அதில் பிடிக்காது, அதற்கென்று தனி பிரைமர் உண்டு. அசிட்டோன் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டாம். பெயின்ட் அடித்த பக்கம் ஒரு சொட்டு விழுந்தாலும் கதை முடிந்தது.

ஜனவரி 15, இரவு 11.00

இன்னொரு திருத்தம். இது பெரியது.

11-ஆம் தேதி "ஒரு சொட்டு நீல த்ரெட் லாக்கர்" என்று எழுதியிருந்தேன். ஒருவர் வந்து நன்றாகக் காய்ச்சி எடுத்துவிட்டார், அவர் சொல்வது சரி. த்ரெட் லாக்கர் உலோகத்தோடு உலோகத்துக்கு. அந்தத் திரவம் வழிந்து ஏபிஎஸ்மேல் பட்டால், ஏற்கனவே இழுப்பில் இருக்கிற பிளாஸ்டிக் வெடித்துவிடும். பாலிகார்பனேட் வைசருக்கும் இதே கதிதான். நான் மருந்து என்று நினைத்துச் சொன்னது விஷம்.

இப்போது என் விரிசலுக்கு இரண்டு காரணம் கிடைத்திருக்கிறது: வளைந்த ஸ்டே இழுத்ததா, த்ரெட் லாக்கர் தின்றதா? பழைய போல்ட்டைப் பார்த்தேன், புரிகளில் நீலம் காய்ந்து ஒட்டியிருக்கிறது, வாஷர் ஓரத்திலும் இருக்கிறது. ஸ்டேதான் காரணம் என்று 12-ஆம் தேதி அடித்துச் சொன்னேன். இப்போது அவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். ஒருவன் பிடித்துக்கொள்ள இன்னொருவன் அடித்த கேஸ் மாதிரிதான் தெரிகிறது.

பேனல் போல்ட் கழலக்கூடாது என்றால் க்ளிப் நட்டை மாற்றுங்கள். தகட்டில் சொருகும் அந்த யு வடிவ நட் பத்துத் தடவை கழற்றி மாட்டினால் பிடி தளர்ந்துவிடும். க்ரோமெட் என்ற ரப்பர் வளையத்துக்குள் நாக்கு போகவில்லை என்றால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். பிரேக் ஆயில் பட்ட கையோடு பெயின்ட் அடித்த பேனலைத் தொடவே தொடாதீர்கள்.

ஜனவரி 17, மாலை 6.30

கேள்வி கேட்டவரைக் காணோம். அரத்தோடு உட்கார்ந்துவிட்டாரோ என்று பயமாக இருக்கிறது.

அதற்குள் மாட்டும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம். எனக்கு இது புரிய மூன்று பேனல் உடைய வேண்டியிருந்தது.

ஒரிஜினல் போல்ட்டைக் கழற்றினால் கூடவே ஒரு குட்டி உலோகக் குழல் வரும், அதைச் சுற்றி ரப்பர். பலர் அதைப் பழைய பேனலிலேயே விட்டுவிட்டு அப்படியே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் குழல்தான் மொத்த சூட்சுமம். போல்ட் முடுகுவது குழலின்மேல். பேனல் ரப்பருக்கு நடுவில் மிதக்கிறது. குழல் இல்லாமல் முடுக்கினால் போல்ட்டின் தலை பிளாஸ்டிக்கையே நசுக்கும்.

ஏன் மிதக்க வேண்டும்? வெயிலில் நின்ற வண்டியைத் தொட்டுப் பாருங்கள். 600 மி.மீ. ஏபிஎஸ் பேனல் 40 டிகிரி சூடேறினால் சுமார் 2 மி.மீ. நீளும். அதே நீள இரும்பு 0.3 மி.மீ.கூட நீளாது. ஐந்து போல்ட்டையும் இறுக்கிக் கட்டினால் அந்த 2 மி.மீ. எங்கே போகும்? பேனல் வயிறு தள்ளும், இல்லையென்றால் காது கிழியும்.

அதனால் எல்லா போல்ட்டையும் முதலில் இரண்டு புரி மட்டும் ஏற்றி விடுங்கள். மேலிருந்து தொடங்கி, பேனல் முழுவதையும் உள்ளங்கையால் தட்டித் தட்டி உட்கார வையுங்கள். இரண்டு பேனல் சேரும் கோட்டில் இடைவெளி ஒரே மாதிரி ஓடுகிறதா என்று எதிரே நின்று பாருங்கள். அப்புறம் ஆலன் கீயின் குட்டைக் கையைப் பிடித்து முடுக்குங்கள். நீளக் கையைப் பிடித்தால் பலம் தெரியாமல் போகும். "இன்னும் கொஞ்சம்" என்று மனசு சொல்லும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் திருகி மரை கழன்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம், இரண்டு அர்த்தத்திலும்.

போல்ட்டின் நீளம். இதைக் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரேடியேட்டர் பக்கம் வரும் போல்ட் குட்டை, மூக்குப் பக்கம் வருவது நீளம். மாற்றிப் போட்டால் உள்ளே நீட்டிக்கொண்டு போய் ரேடியேட்டர் துடுப்பில் குத்தும், இல்லை ஒயரை நசுக்கும். இதற்காகவே ஒரு அட்டையில் வண்டியின் பக்கவாட்டுப் படத்தைக் கிறுக்கலாக வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கே அட்டையில் குத்தி வைப்பேன். வரைந்தது வண்டி மாதிரி இருக்காது, எருமை மாதிரி இருக்கும். பரவாயில்லை, வேலை நடக்கும்.

இந்தத் தடவை அட்டையில் "வலது கீழ் 3" என்ற ஓட்டை காலியாக இருந்தது. கழற்றும்போது எங்கோ உருண்டிருக்கிறது. டப்பாவிலிருந்து வேறொன்றைப் போட்டு முடித்தேன்.

ஜனவரி 17, இரவு 10.40

முடித்தேன் என்றா எழுதினேன்? முடியவில்லை.

எல்லாம் மாட்டி, ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை வலது பக்கம் முழுதாகத் திருப்பினேன். எஞ்சின் தானாக உறுமியது. நேராக்கினால் அடங்குகிறது, திருப்பினால் உறுமுகிறது. ஆக்ஸிலேட்டர் கேபிள் பேனலின் உள்விளிம்பில் மாட்டிக்கொண்டு இழுபடுகிறது. ஷெட்டில் நிற்கும்போது சிரிப்பாக இருந்தது. குறுகலான இடத்தில் வண்டியைத் திருப்பும்போது இப்படி உறுமியிருந்தால் மறுபடியும் வலது பக்கம்தான் விழுந்திருப்பேன், மறுபடியும் ஒரு செட்.

பேனல் மாட்டியதும் எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முட்டும் வரை திருப்பிப் பாருங்கள். பிரேக், கிளட்ச் லீவர் எங்கும் இடிக்கக்கூடாது. கேபிள் எங்கும் இழுபடக்கூடாது. அப்புறம் சைலன்சர் குழாய்க்கும் எஞ்சினுக்கு அடியில் வரும் வயிற்றுப் பேனலுக்கும் நடுவில் விரல் போகிறதா என்று எஞ்சின் ஆறியிருக்கும்போதே பாருங்கள். ரேடியேட்டரின் சூட்டுக் காற்று வெளியே போகும் வழியை அழகுக்காக அடைத்து வைத்த செட்களும் உண்டு.

ஜனவரி 19, காலை 8.00

"ஃபேரிங்கே வெறும் அழகுக்குத்தானே, இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு?" என்று ஒரு நக்கல் வந்திருக்கிறது.

அழகுக்காகப் பிறந்ததில்லை. இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி கம்பெனி 1950-லேயே தன் ஊரான மண்டெல்லோவில் காற்றுச் சுரங்கம் கட்டி, பந்தய வண்டிகளை உள்ளே நிறுத்திப் பார்த்தார்கள். முன் சக்கரத்தையும் சேர்த்து மூடிய அந்தக் காலப் பேனலுக்குக் குப்பைத் தொட்டி என்றே பெயர். நேராகப் போகும்போது காற்றை நன்றாகக் கிழிக்கும். பக்கவாட்டில் காற்று அடித்தால் வண்டியைப் பாய்மரம் மாதிரி தள்ளிவிடும். 1957 சீசனோடு அதற்குத் தடை போட்டார்கள். தெருவில் ஓடும் வண்டிக்கு முழு ஃபேரிங்கைத் தொழிற்சாலையிலேயே மாட்டி விற்றதில் 1976-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு முன்பே அமெரிக்காவில் கிரேக் வெட்டர் என்பவர் விண்ட்ஜாமர் என்ற பெயரில் தனியாக வாங்கி மாட்டும் ஃபேரிங்கை விற்றுக்கொண்டிருந்தார். ஆக, நம் ஆஃப்டர்மார்க்கெட் பரம்பரை ஒன்றும் அவ்வளவு கேவலமானது இல்லை.

வயிற்றுப் பேனலுக்குப் பந்தயத்தில் வேறு வேலையும் உண்டு. எஞ்சின் வெடித்தால் ஆயில், கூலன்ட் மொத்தக் கொள்ளளவில் பாதியையாவது தரையில் விடாமல் பிடித்து வைக்க வேண்டும் என்பது சூப்பர்பைக் விதி. நம் தெரு வண்டியின் வயிற்றுப் பேனலில் அதற்கு நேர்மாறாக, தண்ணீர் வடிய ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை இல்லாத பந்தய வகைப் பேனலைத் தெருவில் மாட்டியவர் மழைக்காலம் முழுக்க ஒரு குட்டிக் குளத்தைச் சுமந்துகொண்டு போவார்.

ஜனவரி 19, இரவு 9.45

வந்துவிட்டார்! அரத்தைத் தொடவில்லையாம்.

நூல் பிடித்து அளந்தாராம். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே அளவு. ஸ்டே நேராக இருக்கிறது.

சுருக்கம் என்றேன், இல்லை. ஸ்டே என்றேன், அதுவும் இல்லை. நல்லவேளை, ஜோசியத்தைத் தொழிலாக எடுக்கவில்லை.

ஜனவரி 20, காலை 7.30

படம் அனுப்பச் சொல்லிக் கேட்டேன், அனுப்பினார். நடு பேனலின் கீழ் விளிம்பில் இரண்டு நாக்கு. அவை வயிற்றுப் பேனலின் பள்ளத்துக்கு உள்ளே போக வேண்டும். முன் நாக்கு உள்ளே போயிருக்கிறது. பின் நாக்கு போகாமல் விளிம்பின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அவர் வயிற்றுப் பேனலை முதலிலேயே இறுக்கி முடுக்கிவிட்டார். அதனால் நாக்கு நுழைய இடமே இல்லை, பேனல் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. வயிற்றுப் பேனலைத் தளர்த்திவிட்டு, இரண்டையும் கீழே வைத்தே கோர்த்து, சேர்த்துத் தூக்கி மாட்டச் சொன்னேன்.

ஜனவரி 20, இரவு 8.15

4 மி.மீ. காணாமல் போனது. பத்து நிமிஷ வேலை என்கிறார். "ஸ்டெப் ட்ரில் பிட் வாங்கி வைத்துவிட்டேன் அண்ணே, அதை என்ன செய்ய?" என்று கேட்கிறார். ஃபைபர் செட் வாங்கும் நாள் வரும்போது எடுங்கள்.

ஜனவரி 22, மதியம் 2.10

நிறத்தைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பெயின்ட் அடித்து வரும் செட்டின் சிவப்பு உங்கள் டேங்கின் சிவப்போடு சேராது. உங்கள் டேங்க் இத்தனை வருஷம் வெயில் குடித்திருக்கிறது. டியூப் லைட்டில் பார்த்தால் ஒன்று போலத் தெரியும், வெயிலில் தள்ளிப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிகூட இருக்காது. டேங்கைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துக் கலந்து அடிக்கச் சொல்வதுதான் வழி. நீங்களே அடிப்பதாக இருந்தால் உப்புத்தாள் 400, 600, 800 என்று ஏறிப் போங்கள். ஆனால் ஹார்டனர் கலக்கும் கிளியர் கோட்டை வீட்டுக்குள் அடிக்காதீர்கள். அதில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி முகமூடிக்கு அது அடங்காது, நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமா வரை கொண்டுபோகும். அந்த ஒரு கோட்டை மட்டும் பெயின்ட்டரிடம் விட்டுவிடுங்கள்.

இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டும் காற்றுத் துடுப்பு பறந்துபோனவருக்கு: ஒட்டிய அன்று சாயங்காலமே தண்ணீர் அடித்துக் கழுவினால் பறக்காமல் என்ன செய்யும்? அந்த வகை அக்ரிலிக் டேப் முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும்.

ஜனவரி 26, இரவு 9.30

மூன்று நாளாக ஒரு சத்தம். 5000 ஆர்பிஎம் தொட்டதும் வலது பக்கம் கீழே "ஙிர்ர்ர்" என்று ஒரு வண்டு. 5500 தாண்டினால் நின்றுவிடுகிறது. பேனல் அதிர்வு என்று நினைத்து எல்லாச் சேர்க்கையிலும் நுரை டேப் ஒட்டினேன், போகவில்லை. ஓடும்போது ஒவ்வொரு பேனலாக முழங்காலால் அழுத்திப் பார்த்தேன். எதிரே வந்தவர்கள் எனக்கு ஏதோ வலிப்பு என்று நினைத்திருப்பார்கள். வைசரை மாற்றலாமா என்றுகூட யோசித்தேன்.

ஜனவரி 27, காலை 10.20

வயிற்றுப் பேனலை இறக்கினேன். உள்ளே மூலையில், ஆயிலும் தூசியும் சேர்ந்த கருப்புக் களிம்பில் அரைகுறையாகப் புதைந்து, ஒரு போல்ட். அதன் குட்டிக் குழலும் கூடவே. அதிர்வு சரியாகச் சேரும் வேகத்தில் மட்டும் எழுந்து ஆடியிருக்கிறது.

அட்டையை எடுத்துப் பார்த்தேன். வலது கீழ் 3.

துடைத்து அதன் இடத்தில் போட்டுவிட்டேன். டப்பாவிலிருந்து போட்டிருந்த மாற்று போல்ட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அது 5 மி.மீ. நீளம் அதிகம். முனையில் லேசாக அலுமினியம் ஒட்டியிருக்கிறது. ரேடியேட்டர் துடுப்பில் இரண்டு வளைந்திருக்கின்றன, ஒழுகல் இல்லை. போல்ட்டின் நீளத்தைப் பற்றி 17-ஆம் தேதி நான் எழுதிய பத்தியை யாரும் எனக்கு நினைவுபடுத்த வேண்டாம்.